டிரெய்லர் பிளாக் டாங்க்: காலி செய்தபிறகும் சென்சார் மூன்றில் இரண்டு காட்டுகிறது. கூடவே நாற்றம். வழி சொல்லுங்கள்

கரிசல்காடு (ஹூஸ்டன்)

வணக்கம். போன மாதம் 26 அடி டிராவல் டிரெய்லர் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். குடிநீர் டாங்க் 40 கேலன், கிரே (சிங்க், ஷவர் கழிவுநீர்) 35, பிளாக் (டாய்லெட் கழிவு) 30. கூரை ஒழுகல் இல்லை, ஃபிரிட்ஜ், ஏசி எல்லாம் ஓடுது. தொல்லை முழுக்க டாங்க்கில்தான்.

டம்ப் ஸ்டேஷனில் (கழிவை இறக்குகிற இடம்) பிளாக் டாங்க்கைக் காலி பண்ணிட்டு உள்ளே வந்து பட்டனை அமுக்கினால் மூன்றில் இரண்டு பங்கு விளக்கு அப்படியே எரியுது. ஹைவேயில் ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே நாற்றம். குழாய்த் தண்ணீரிலும் ஒரு மக்கிய வாடை இருக்கு.

நவம்பரில் கோவில்பட்டியிலிருந்து அப்பா, அம்மா வர்றாங்க. பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. ரெண்டு பேருக்கும் பேப்பர் பழக்கம் கிடையாது, தண்ணீர்தான். இந்த டாய்லெட் அதைத் தாங்குமா? அவங்க கூச்சப்படாமல் இருந்தால் போதும், மத்ததை நான் பார்த்துக்குவேன்.

பாலைவனப் பயணி (டூசான்)

தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கிறேன். தாராளமாகத் தாங்கும். சொல்லப்போனால் பிளாக் டாங்க்குக்கு நம்ம ஊர்ப் பழக்கம்தான் நல்லது. அந்த டாங்க்கில் வருகிற தொல்லையில் முக்கால்வாசிக்குக் காரணம் பேப்பர் அதிகம், தண்ணீர் குறைவு. பேப்பரே போகாத டாங்க்கில் சென்சார் சீக்கிரம் கெடாது, அடியில் குவியல் கட்டாது. மனசு வைத்துச் செய்யவேண்டிய ஒரே வேலை, சீக்கிரம் நிறையும் என்பதால் கணக்கு வைத்துக்கொள்வது.

கணக்கு இது. 30 கேலன் என்றால் 113 லிட்டர் சொச்சம். ஒரு தடவைக்குக் கழுவுவதும் ஃப்ளஷும் சேர்த்து 3 லிட்டர் என்று வையுங்க. சுமார் 35 தடவை வரும். நாலு பேர் இருக்கிற வண்டியில் ரெண்டு நாள், நிதானமாகப் போனால் மூணு நாள். ஹூக்கப் (தண்ணீர், கரண்ட், சாக்கடை இணைப்பு) இருக்கிற இடத்தில் இது ஒரு விஷயமே இல்லை. ஹூக்கப் இல்லாத இடத்தில் மூணாம் நாள் டம்ப் ஸ்டேஷன் எங்கே என்று முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும்.

ஸ்ப்ரேயர் வைக்கிறீங்களோ இல்லையோ, அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் மக்கு போதும். ஆர்.வி. (உள்ளேயே தங்கிப் பயணம் போகிற வண்டி) டாய்லெட் பெடலைப் பாதி மிதித்தால் (சில மாடலில் மேலே தூக்கினால்) கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் நிறையும், முழுசாக மிதித்தால்தான் அடியில் இருக்கிற அடைப்புத் திறக்கும். இதை வந்த அன்றைக்கே நிதானமாகச் செய்து காட்டிடுங்க. ரெண்டாவது நாள் அவங்களே பழகிடுவாங்க.

இப்போ சென்சார். நிறைய டிரெய்லரில் டாங்க்கின் பக்கச் சுவரில் வேறு வேறு உயரத்தில் திருகாணி மாதிரி உலோக முனைகள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் அந்த மட்டத்துக்கு வந்ததும் அதன் வழியாகக் கொஞ்சம் கரண்ட் பாயும், பேனலில் விளக்கு எரியும். அவ்வளவுதான் அதன் அறிவு. ஈரப் பேப்பர் ஒரு துண்டு அந்த முனையில் ஒட்டிக்கொண்டாலும், சுவரில் கொழகொழவென்று படிமம் இருந்தாலும், அதையும் தண்ணீர் என்றே நினைத்துக்கொள்ளும். உங்க டாங்க் காலியாகத்தான் இருக்கும், சுவர்தான் சுத்தமாக இல்லை. இல்லையென்றால் நிஜமாகவே அடியில் குவியல் இருக்கு. ரெண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கிண்ணத்துக்கு மேலே பிடித்து, பெடலை மிதித்து உள்ளே பாருங்க. டாய்லெட் டாங்க்குக்கு நேர் மேலே இருந்தால் தரை தெரியும். நடுவில் மேடு தெரிந்தால், முன்னாடி வைத்திருந்தவர் ஹூக்கப்பில் நிற்கும்போது பிளாக் வால்வைத் திறந்தே விட்டிருக்கார் என்று அர்த்தம். திரவம் ஓடிப்போகும், கனமானது அங்கேயே தங்கிக் காயும்.

அதனால் சட்டம் ஒன்றுதான்: ஹூக்கப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிளாக் வால்வு எப்போதும் மூடியே இருக்கணும். மூன்றில் இரண்டு பங்காவது நிறைஞ்சபிறகுதான் திறக்கணும். அந்த எடையும் வேகமும்தான் உள்ளே கிடக்கிறதை எல்லாம் இழுத்துக்கொண்டு வெளியே போகும். காலி செய்து முடித்ததும் வால்வை மூடி, அஞ்சாறு லிட்டர் சுத்தத் தண்ணீர் உள்ளே விட்டுவிட்டுத்தான் அடுத்தவர் உட்காரணும். காய்ஞ்ச தரையில் விழுவதுதான் ஒட்டிக்கொள்ளும்.

உங்க டாங்க்குக்கு வைத்தியம்: முக்கால் அளவு வரை தண்ணீர் விடுங்க. பாத்திரம் தேய்க்கிற லிக்விட் ஒரு கப் ஊத்துங்க, அல்லது என்ஸைம் மருந்து ஏதாவது. ஒரு நாள் முழுக்க ஊறட்டும். ஊறின பிறகு வளைவு, ஏற்ற இறக்கம் இருக்கிற ரோட்டில் ஓட்டிட்டுப் போய்க் காலி செய்யுங்க. ஐஸ் கட்டி போட்டு ஓட்டச் சொல்லுவாங்க. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வேலை செய்வது அலம்புகிற தண்ணீரும் ஊறின நேரமும்தான். நாட்பட்ட குவியல் என்றால் ரெண்டு மூணு சுற்று ஆகும், மனம் தளர வேண்டாம்.

கரிசல்காடு

அண்ணா, ரொம்ப நன்றி. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓரத்தில் மேடு இருக்கு. ஊற வைக்கிறேன்.

டம்ப் ஸ்டேஷனில் வரிசையாக என்ன செய்யணும் என்று ஒருமுறை சொல்லுங்களேன். பின்னாடி நாலு வண்டி நிற்கும்போது பதற்றமாக இருக்கு.

பாலைவனப் பயணி

பின்னாடி நிற்பவர்களும் இதே வேலைக்குத்தான் வந்திருக்காங்க, அவசரப்படாதீங்க.

வெளியேற்றும் குழாய் டிரைவர் பக்கம் இருக்கும், அதனால் குழி இடது கைப் பக்கம் வருகிற மாதிரி நிறுத்தணும். கையுறை மாட்டிட்டு, மூடியைத் திறக்கும் முன் ரெண்டு வால்வும் உள்ளே தள்ளியிருக்கா என்று பாருங்க. ஹோஸின் பயோனெட் பல் (திருகினால் பூட்டிக்கொள்கிற கொக்கி) ரெண்டு பக்கமும் பூட்டிக்கொண்டதா என்று கையால் திருகிப் பாருங்க, கண்ணால் பார்த்தால் போதாது. அடுத்த முனையைக் குழியில் செருகி, மேலே ஒரு கல்லோ கனமான மூடியோ வையுங்க. திரவம் பாயும்போது ஹோஸ் உதறும்.

பிளாக் முதலில், கிரே அப்புறம். சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிக்கொண்டு போகணும் என்பதுக்காகத்தான் இந்த வரிசை. உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் எல்போ (வளைந்த இணைப்புக் குழாய்) ஒன்று வாங்கி மாட்டுங்க, அதைவிட உபயோகமான பொருள் இந்த வேலையில் கிடையாது. முதலில் கறுப்பாக வேகமாகப் போகும், பிறகு பழுப்பு, பிறகு நின்றுவிட்ட மாதிரி இருக்கும். அப்போ மூடாதீங்க. அரை நிமிஷம் கழித்து உள்ளே தேங்கினது சரிந்து மறுபடி ஒரு தள்ளு வரும். அது போனபிறகு வால்வை மூடி, டாய்லெட் வழியாக ரெண்டு பக்கெட் தண்ணீர் விட்டு மறுபடி திறங்க. எல்போவில் நிறம் வெளுக்கும்வரை இதைச் செய்தால் போதும்.

வண்டியில் பிளாக் டாங்க் ஃப்ளஷ் இணைப்பு இருந்தால் இன்னும் சுலபம். ஆனால் அந்தத் தண்ணீர் ஓடும்போது பிளாக் வால்வு திறந்தே இருக்கணும், நீங்க பக்கத்திலேயே நிற்கணும். வால்வை மூடிவிட்டு அதைத் திறந்துவிட்டால் டாங்க் நிறைந்து, கூரைக் காற்றுக்குழாய் வழியாகவோ டாய்லெட் வழியாகவோ மேலே வரும். அந்தச் சுத்தம் செய்கிற வேலை யாருக்கும் வரவேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீங்க. டம்ப் ஸ்டேஷனில் ரெண்டு குழாய் இருக்கும். ஒன்று கழுவ, இன்னொன்று குடிக்க. கழுவுகிற குழாயில் எல்லாரும் மலக் குழாயைக் கழுவியிருப்பாங்க. குடிநீர் ஹோஸ் வெள்ளையோ நீலமோ தனியாக, தனிப் பெட்டியில், ரெண்டு முனையையும் ஒன்றோடொன்று திருகி வையுங்க. கழுவுகிற ஹோஸ் வேறு நிறம். இதில் தளர்வே கூடாது.

நீலகிரி வண்டி (சான் ஹோசே)

எல்லாம் சரி, மருந்தைப் பத்திப் பேசவே இல்லையே. நாங்க ஒவ்வொரு தடவை காலி செய்ததும் ஒரு மருந்துப் பை போடுறோம், நாற்றமே இல்லை. வெறும் தண்ணீர் போதும் என்பதை என்னால் ஏற்க முடியலை. வெயில் காலத்தில் 100 டிகிரியில் பார்க்கிங்கில் நிற்கும் வண்டிக்கும், மலையில் நிற்கும் வண்டிக்கும் ஒரே வைத்தியம் ஆகாது.

பாலைவனப் பயணி

வெயிலில் மருந்து உதவும், மறுக்கலை. நானும் கோடையில் என்ஸைம் வகை போடுவேன். எந்த மருந்து என்பதுதான் கேள்வி. பழைய நீல நிற மருந்துகளில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். அது நாற்றத்தை அடக்குவது பாக்டீரியாவைக் கொன்றுதான். ஊருக்கு வெளியே இருக்கிற கேம்ப்கிரவுண்டில் பெரும்பாலும் செப்டிக் டாங்க்தான், நகராட்சிச் சாக்கடை கிடையாது. அந்தச் செப்டிக் வேலை செய்வதே பாக்டீரியாவால். ஒரு வாரக் கடைசியில் நாற்பது வண்டி அந்த மருந்தை இறக்கினால் அடுத்த வாரம் அந்த இடம் தாங்காது. பிறகு டம்ப் ஸ்டேஷனை மூடிடுவாங்க, நமக்குத்தான் இடம் போகும். நீங்க இருக்கிற கலிஃபோர்னியாவில் ஃபார்மால்டிஹைடு உள்ள டாங்க் மருந்து விற்கவே தடை. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்க.

நீலகிரி வண்டி

பார்த்தேன், எங்க பை என்ஸைம் வகைதான். அப்போ நம்ம ரெண்டு பேரும் ஒரே பக்கம்.

ஏரிக்கரை அக்கா (மிச்சிகன்)

எல்லாரும் பிளாக் டாங்க்கையே பேசுறீங்க. நம்ம வீட்டுச் சமையலுக்கு உண்மையான சோதனை கிரே டாங்க். நம்ம ஆட்களோட டிரெய்லரில் ஏறினால் நாற்றம் டாய்லெட்டிலிருந்து வராது, கிச்சன் சிங்க்கிலிருந்துதான் வரும். நான் எத்தனையோ குடும்பத்துக்குச் சொல்லியிருக்கேன், இங்கேயும் சொல்றேன்.

சிங்க்கிலிருந்து போகிற குழாய் ஒன்றரை அங்குலம்தான். டாங்க்கின் அடி தட்டையானது, சாய்வு ரொம்பக் குறைவு. அதில் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், புளிச் சக்கை, தாளிச்ச கடுகு, கருவேப்பிலை, மாவுப் பாத்திரம் கழுவின தண்ணி எல்லாம் போய் உட்காரும். இட்லி மாவு கழுவின தண்ணி டாங்க்குக்குள்ளேயும் புளிக்கத்தான் செய்யும். தேங்காய் எண்ணெய் ராத்திரிக் குளிரில் உறைந்து குழாய்ச் சுவரில் ஒட்டும். அதுக்கு மேலே கடுகும் பருப்புத் தோலும் ஒட்டும். மூணு பயணத்தில் கிரே சென்சார் எப்போதும் நிறைஞ்சதாகவே காட்டும்.

நான் செய்றது இதுதான். பாத்திரத்தைத் தண்ணீரில் காட்டும் முன்னாடி ரப்பர் கரண்டியால் வழிச்சு, பேப்பர் டவலால் ஒரு துடை துடைச்சுக் குப்பையில் போட்டுடுவேன். வாணலி எண்ணெய் பழைய ஜாடிக்குப் போகும். சிங்க் ஓட்டையில் நெருக்கமான கம்பி வலை எப்போதும் இருக்கும், கடையில் வண்டியோட வருகிற பெரிய ஓட்டை வடிகட்டியில் கடுகு நிற்காது. பாத்திரம் கழுவ சிங்க்குக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அந்தக் கழுநீரைச் சிங்க்கில் விடுறதில்லை. வலையில் வடிச்சு டாய்லெட்டில் ஊத்திடுவேன். கிரே டாங்க்கில் இடம் மிச்சம், பிளாக் டாங்க்குக்கு வேண்டிய தண்ணீரும் கிடைச்சிடுது. ஹூக்கப் இல்லாமல் நிற்கும்போது இந்த ஒரு பழக்கத்தால் கூட ஒரு நாள் தங்கலாம். எண்ணெய்க் கழுநீர் மட்டும் ஊத்தாதீங்க.

மீன் வறுவல், தாளிப்பு எல்லாம் வெளியே கேஸ் அடுப்பில். இது டாங்க்குக்கு மட்டும் இல்லை, அந்தச் சின்ன வண்டிக்குள்ளே மஞ்சளும் எண்ணெய்ப் புகையும் சீலிங் துணியில் ஏறினால் போகவே போகாது.

கிரே டாங்க்குக்கு மருந்து: மாதம் ஒரு தரம் கால்வாசி தண்ணீர், பாத்திர லிக்விட் கொஞ்சம், சுடுதண்ணீர் (கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிளாஸ்டிக் குழாய்). ஓட்டிட்டுப் போய்க் காலி பண்ணுங்க.

கரிசல்காடு

அக்கா, நாங்க போன வாரம் டிரெய்லரில் சாம்பார் வைத்தோம். நீங்க சொன்னதெல்லாம் சிங்க்கில்தான் போயிருக்கு. வலை இன்றைக்கே வாங்குறேன். ஹூக்கப்பில் நிற்கும்போது கிரே வால்வைத் திறந்து வைக்கலாமா?

ஏரிக்கரை அக்கா

கிரேயைத் திறந்து வைக்கலாம்னு நிறைய பேர் சொல்வாங்க. நான் மூடியே வைப்பேன், ரெண்டு காரணம். சாக்கடைப் பூச்சி ஹோஸ் வழியா ஏறி வரும். அடுத்தது, பிளாக்கைக் காலி செய்தபிறகு ஹோஸைக் கழுவ கிரேயில் நிறைய தண்ணீர் இருக்கணும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை இழுத்து விட்டால் போதும். அப்பா, அம்மா குளிக்கும் நாளில் மட்டும் கவனமாகப் பாருங்க. கிரே நிறைஞ்சால் முதலில் தெரியும் இடம் ஷவர் தரை, சோப்புத் தண்ணீர் மேலே வந்து நிற்கும்.

வழிப்போக்கன் 77

ஓட்டும்போது வர்ற நாற்றத்துக்கு யாரும் பதில் சொல்லலையே?

பொத்தேரி எஞ்சினியர் (டெட்ராய்ட்)

நான் சொல்றேன். டாங்க் காற்று கூரைக்குழாய் வழியாக மேலே போகணும். போகாமல் உள்ளே வருகிறது என்றால் பாதை மூன்று.

டாய்லெட் கிண்ணத்தின் அடியில் இருக்கிற ரப்பர் வளையம் முதலாவது. கிண்ணத்தில் விட்ட தண்ணீர் ஒரு மணி நேரத்தில் காணாமல் போனால் வளையம் போய்விட்டது, அல்லது அதன் விளிம்பில் பேப்பர் சிக்கியிருக்கு. முதலில் பழைய டூத் பிரஷ்ஷால் சுற்றித் தேய்த்துப் பாருங்க, பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

அடுத்தது பி-ட்ராப். சிங்க், ஷவர் இரண்டுக்கும் அடியில் வளைந்த குழாயில் நிற்கும் தண்ணீர்தான் வாயுவைத் தடுக்கும். வண்டி குலுங்கும்போது அந்தத் தண்ணீர் வழிந்து போகும், நிறுத்தி வைத்தால் காயும். கிளம்பும் முன் எல்லா ஓட்டையிலும் ஒரு டம்ளர் தண்ணீர் விடுங்க, ஷவர் ஓட்டைக்கு மூடியும் போடுங்க.

பலருக்கும் தெரியாத இடம் மூன்றாவது. சிங்க் அலமாரிக்குள் குழாயின் தலையில் காளான் வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் வால்வு இருக்கும். தண்ணீர் இறங்கும்போது காற்றை உள்ளே இழுக்க விடும், வெளியே விடாது. அதன் ரப்பர் காய்ந்தால் திறந்தபடியே நின்றுவிடும். திருகிக் கழற்றிப் புதுசு போடலாம், சில டாலர்தான்.

இன்னொன்று. பாத்ரூம் கூரை ஃபேன் ஓடும்போது ஃப்ளஷ் செய்தால், அது டாங்க் காற்றையே மேலே இழுக்கும். ஃபேனை நிறுத்தி, ஃப்ளஷ் செய்து, மூடி போட்டு, பிறகு ஃபேனைப் போடச் சொல்லுங்க. ஓட்டும்போது கூரை ஜன்னல் திறந்திருந்தாலும் இதே கதைதான்.

கரிசல்காடு

கிண்ணத் தண்ணீர் இறங்காமல் அப்படியே நின்றது. சிங்க் அலமாரியில் அந்தக் காளான் வால்வு கையோடு வந்துவிட்டது, ரப்பர் பொடிப்பொடியாக. மாற்றிட்டேன். நன்றி.

குடிநீர் டாங்க் வாடைக்கு என்ன வழி? பிளீச் எவ்வளவு?

மருத்துவமனை ஷிப்ட் (டாலஸ்)

இது என் வேலைக்குப் பக்கத்து விஷயம், அதனால் அளவோடு சொல்றேன். வாசனை சேர்க்காத, லேபிளில் 'தெறிக்காத வகை' (ஸ்பிளாஷ்லெஸ்) என்று எழுதாத சாதாரண வீட்டு பிளீச். 15 கேலனுக்குக் கால் கப், அதாவது 60 மில்லி. உங்க 40 கேலனுக்கு 160 மில்லி. இந்தக் கணக்கு 5.25 சதவீத பிளீச்சுக்கு. இப்போது கடையில் பெரும்பாலும் அதைவிடக் கெட்டியானதுதான் கிடைக்குது, லேபிளில் 7.5 சதவீதம் என்று போட்டிருந்தால் 110, 115 மில்லி போதும்.

பிளீச்சை நேராக டாங்க்கில் ஊத்தாதீங்க, பக்கெட் தண்ணீரில் கலந்து விடுங்க. முன்னாடியே வாட்டர் ஃபில்டரைக் கழற்றிடுங்க. டாங்க்கை நிரப்பி, பம்ப்பைப் போட்டு, சிங்க், ஷவர், வெளி ஷவர், டாய்லெட் என்று ஒவ்வொன்றாக, சூடு, குளிர் ரெண்டு பக்கமும், பிளீச் வாடை வரும்வரை திறங்க. வெளி ஷவரை எல்லாரும் விட்டுடுவாங்க, தேங்கின தண்ணீர் அங்கேதான் இருக்கும். நாலு மணி நேரமாவது நிற்கட்டும், ராத்திரி முழுக்க என்றால் இன்னும் நல்லது. காலி செய்து, சுத்தத் தண்ணீர் நிரப்பி, வாடை போகும்வரை அலசுங்க. வினிகரோ வேறு கிளீனரோ அதோடு கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

பெரியவங்க வர்றாங்க என்பதால் ஒரு வார்த்தை: டாங்க் தண்ணீர் சமைக்க, கழுவ, குளிக்க. குடிக்க மட்டும் ஜக்கில் தனியா வைத்துக்கொள்ளுங்க. வயிற்றுக்கு ஒன்று ஆனால் அந்த இடத்திலிருந்து ஆஸ்பத்திரி ரொம்ப தூரம்.

பாலைவனப் பயணி

டாலஸ் அம்மா சொன்னதோடு ரெண்டு சேர்க்கிறேன். கேம்ப்கிரவுண்ட் குழாயில் பிரஷர் ரெகுலேட்டர் இல்லாமல் இணைக்காதீங்க. சில இடத்தில் தண்ணீர் அழுத்தம் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் வரும், டிரெய்லர் குழாய் இணைப்புக்கு 40 முதல் 50 போதும். ரெகுலேட்டரைக் குழாய்ப் பக்கம் மாட்டுங்க, அப்போதான் ஹோஸும் தப்பும்.

பிறகு எடை. ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு. 40 கேலன் என்றால் 333 பவுண்டு, 150 கிலோ. டாங்க் அச்சுக்கு முன்னால் இருந்தால் டங் எடை (இழுக்கிற வண்டிமேல் விழும் எடை) கூடும், பின்னால் இருந்தால் குறைந்து வண்டி ஆடும். ஹூஸ்டனிலிருந்தே நிரப்பிக்கொண்டு போகத் தேவையில்லை. பிக் பெண்ட்டில் ரியோ கிராண்டே வில்லேஜ் ஆர்.வி. இடத்தில் முழு ஹூக்கப் உண்டு, சீக்கிரம் பதிவு செய்யணும். அது கிடைக்காவிட்டால் பக்கத்துக் கேம்ப்கிரவுண்டில் ஹூக்கப் கிடையாது, டம்ப் ஸ்டேஷன் உண்டு. சிசோஸ் பேசின் ரோட்டுக்கு மட்டும் 26 அடியைக் கொண்டு போகாதீங்க, 20 அடிக்கு மேல் டிரெய்லர் வேண்டாம் என்று பூங்காவே சொல்லுது.

கள்ளிக்காட்டு நிழல் (லாஸ் வேகஸ்)

பாலைவனத்தில் நிற்கும்போது கிரே தண்ணீரைத் தரையில் விட்டால் என்ன? சோப்புத் தண்ணீர்தானே, செடிக்கும் நல்லது. பலர் விடுறாங்க. பி.எல்.எம். (அமெரிக்க அரசின் பொது நிலத் துறை) நிலத்தில் அது சட்டப்படி தப்பும் இல்லை.

பாலைவனப் பயணி

பாதி சரி. பி.எல்.எம். பொது விதியில் மலக்கழிவு, எண்ணெய், குப்பை எல்லாம் தடை, 'கழுவிய தண்ணீர்' மட்டும் விலக்கு. ஆனால் அரிசோனாவில் குவார்ட்ஸ்சைட் பக்கம் இருக்கிற நீண்டகாலத் தங்குமிடங்களில் வண்டியோடு பொருத்தின, குறைந்தது 10 கேலன் கழிவுநீர் டாங்க் இருக்கணும் என்பதுதான் பொதுவான விதி. தேசியப் பூங்காவில் அறவே கூடாது. அந்தந்த இடத்து விதியைப் பார்க்காமல் வால்வைத் தொடாதீங்க.

விதியை விட்டுடுவோம். அக்கா எழுதின கிரே டாங்க்கை இன்னொரு தரம் படிங்க. சோறு, எண்ணெய், மாவு, மூணு நாள் ஊறினது. அதைச் செடிக்கு நல்லது என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் வருஷத்துக்கு நாலு அங்குல மழைதான், எதுவும் கரைந்து போகாது. ஈ மொய்க்கும், எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். அடுத்து அங்கே கூடாரம் போடும் குடும்பத்தின் குழந்தை அதன்மேல் விளையாடும். நமக்கு இலவசமாகக் கிடைக்கிற நிலம் ஒவ்வொன்றாக மூடப்படுவதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கள்ளிக்காட்டு நிழல்

கை கழுவின தண்ணீரைச் சொன்னேன், சமையல் தண்ணீரை இல்லை. ஆனால் டாங்க்கில் ரெண்டும் ஒன்றாகத்தான் இருக்கு, ஒத்துக்கிறேன். வண்டியை நகர்த்த முடியாத இடத்தில் என்ன செய்வீங்க?

பொத்தேரி எஞ்சினியர்

சக்கரம் வைத்த டோட் டாங்க், கழிவை அதில் இறக்கி எடுத்துப் போகலாம். 15 கேலனிலிருந்து 40 வரை கிடைக்குது. நிறைந்த 30 கேலன் 250 பவுண்டு, கையால் தூக்க முடியாது, டிரக் ஹிட்ச்சில் (இழுவைக் கொக்கி) மாட்டி மெதுவாக இழுத்துக்கொண்டு போய் டம்ப் ஸ்டேஷனில் விடணும். அளவை உங்க டாங்க்கைப் பார்த்து வாங்குங்க. வால்வை ஒருமுறை திறந்தால் பாதியில் மூட மனசு வராது, டோட் சின்னதாக இருந்தால் வழியும்.

யாழ் காற்று (டொரொண்டோ)

எல்லாரும் சூட்டைப் பற்றியே கதைக்கிறியள். இஞ்ச எங்கட பிரச்சினை குளிர். தாங்க்ஸ்கிவிங் முடிஞ்ச கையோட, அதுவும் எங்கட ஒக்டோபர் தாங்க்ஸ்கிவிங், வண்டியில ஒரு சொட்டுத் தண்ணி நிக்கக் கூடாது. உறைஞ்சா குழாய், பம்ப், டொய்லெட் வால்வு எல்லாம் வெடிக்கும், வசந்தத்திலதான் தெரிய வரும்.

பிளாக், கிரே ரெண்டையும் வடிவாக் கழுவிக் காலி செய்யுங்கோ. சுடுதண்ணி ஹீற்றரை நிப்பாட்டி, ஆற விட்டு, வடிச்சு, பைபாஸ் வால்வை (தண்ணி ஹீற்றருக்குள்ள போகாமல் சுத்திப் போக விடுறது) திருப்புங்கோ. இல்லாட்டில் ஆறு கேலன் அன்ரிஃப்ரீஸ் (உறையாமல் காக்கிற திரவம்) ஹீற்றரை நிரப்பவே போயிடும். பிறகு பம்பின்ர உறிஞ்சு குழாயை நேர அன்ரிஃப்ரீஸ் போத்திலுக்குள்ள விட்டு, ஒவ்வொரு பைப்பையும் பிங்க் நிறம் வரும்வரைக்கும் திறவுங்கோ. ரெண்டு மூண்டு கேலன் காணும். ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு கப் ஊத்துங்கோ, பிளாக், கிரே டாங்க்குக்குள்ளயும் கொஞ்சம், வால்வு ரப்பர் காயாமல் இருக்கும்.

பிங்க் நிறத்தது, புரொப்பிலீன் கிளைக்கோல், ஆர்.வி.க்கெண்டு எழுதினது மட்டும். கார் ரேடியேட்டருக்கு விடுறது எத்திலீன் கிளைக்கோல், அது நஞ்சு. குடிதண்ணிக் குழாயில அதை விட்டால் உயிராபத்து. பிள்ளையள் இருக்கிற வீடுகள், தயவுசெய்து போத்திலை ரெண்டு தரம் பாருங்கோ.

ஹூஸ்டன் தம்பிக்கும் இது வேணும். 2021 பெப்ரவரியில டெக்சாஸ் முழுக்க உறைஞ்சதை இஞ்சயிருந்து பாத்தனாங்கள்.

கரிசல்காடு

ஆமாண்ணே, அந்தக் குளிரை மறக்க முடியாது. பிங்க் போத்தல் ரெண்டு வாங்கி வைத்துடுறேன்.

நிலவரம்: ரெண்டு சுற்று ஊற வைத்துக் காலி செய்தேன். எல்போவில் காய்ந்த பேப்பர் கட்டிகட்டியாகப் போனதைப் பார்த்தேன். டார்ச் அடித்தால் தரை சுத்தம். சென்சார் இப்போது மூன்றில் ஒன்று காட்டுது, காலி என்று இன்னும் வரலை.

ஒரு புதுத் தொல்லை. வெளியேற்றும் குழாயின் மூடியைக் கழற்றினால் ஒரு டம்ளர் அளவு கொட்டுது, வால்வு மூடித்தான் இருக்கு.

பொத்தேரி எஞ்சினியர்

கத்தி வால்வின் தடத்தில் ஏதோ சிக்கி, முழுசா மூடலை. இப்போதைக்கு வெளிமுனையில் திருகி மாட்டுகிற கூடுதல் வால்வு ஒன்று போடுங்க, மூடியைத் திறக்கும்போது கால் நனையாது. நிரந்தரத்துக்கு வால்வை மாற்றணும். நாலு போல்ட், ரெண்டு ரப்பர் சீல். டாங்க்கை நன்றாகக் கழுவின அன்றைக்கே, அடியில் தட்டு வைத்து, போல்ட்டைக் கழற்றி, பழைய வால்வை உருவி, புது சீலில் சிலிக்கான் கிரீஸ் தடவி உட்கார வைக்கணும். குழாய் ரெண்டையும் லேசாக விலக்க இன்னொரு ஆள் வேணும், இல்லாவிட்டால் சீல் மடிந்து மறுபடி ஒழுகும். பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், ரப்பரை ஊதவைக்கும்.

அந்தக் கடைசி சென்சாரை விட்டுடுங்க. டாங்க்குக்கு வெளியே ஒட்டுகிற பட்டை வகைச் சென்சார் உண்டு, கழிவைத் தொடவே தொடாது, சதவீதத்தில் காட்டும். டாங்க் சுவரை எட்ட முடிந்தால் அதுதான் நல்ல வழி. எட்ட முடியாவிட்டால் டார்ச்சே போதும்.

வழிப்போக்கன் 77

நடுவில் வருவதுக்கு மன்னிக்கணும். எங்க வண்டியில் சுடுதண்ணீரில் மட்டும் அழுகின முட்டை நாற்றம். குளிர்த் தண்ணீர் சுத்தம். பிளீச் ரெண்டு தடவை போட்டாச்சு. இது கிரே டாங்க் வாயுவா?

யாழ் காற்று

இல்லை, அது ஹீற்றருக்குள்ள. உங்கட ஹீற்றர் ஸ்டீல் டாங்க், ஆனோட் ராடு (டாங்க் துருப்பிடிக்காமல் தான் கரையிற கம்பி) உள்ளதோ?

வழிப்போக்கன் 77

ஆமா, சப்பர்பன் கம்பெனி, 6 கேலன்.

பொத்தேரி எஞ்சினியர்

அப்போ காரணம் அதுதான். தண்ணீரில் இருக்கிற சல்ஃபேட்டை ஒரு வகை பாக்டீரியா, மக்னீசியம் ராடு இருக்கிற சூழலில், ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். கிணற்றுத் தண்ணீர் இருக்கிற கேம்ப்கிரவுண்டில் நிரப்பினால் அடிக்கடி வரும். நீங்க பிளீச் போட்டபோது பைபாஸ் திருப்பியிருந்தால் ஹீட்டருக்குள் பிளீச் போகவே இல்லை. தண்ணீர் ஹீட்டருக்குள் போகிற மாதிரி பைபாஸைத் திருப்பி வைத்து மறுபடி செய்து, நன்றாக அலசுங்க. மக்னீசியத்துக்குப் பதில் அலுமினியம்-துத்தநாக ராடு போட்டால் திரும்ப வருவது குறையும். ராடை எப்படியும் வருஷம் ஒரு தடவை கழற்றிப் பாருங்க, முக்கால்வாசி கரைந்திருந்தால் மாற்றணும். அது கரையாவிட்டால் டாங்க் கரையும்.

கழற்றும்போது: கேஸும் கரண்டும் நிறுத்தி, தண்ணீர் ஆறும்வரை பொறுத்திருங்க. பம்ப்பையும் குழாய்த் தண்ணீரையும் நிறுத்தி, ஒரு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து பிரஷரை விட்டபிறகுதான் 1 1/16 அங்குல சாக்கெட்டை வையுங்க. நேருக்கு நேர் நிற்காதீங்க, பக்கவாட்டில் நில்லுங்க. புது ராடில் டெஃப்லான் டேப் சுற்றி மாட்டி, டாங்க்கை நிரப்பி, சுடுதண்ணீர்க் குழாயில் காற்று கக்காமல் ஒரே சீராகத் தண்ணீர் வரும்வரை கரண்ட் ஹீட்டர் சுவிட்சைத் தொடாதீங்க. காலி டாங்க்கில் போட்டால் எலிமென்ட் நிமிஷத்தில் எரிந்துபோகும்.